மெர்சி நின்ற வெயில்

அன்பு மகன் சாமுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், "விடுங்கப்பா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். உன் அக்கா மெர்சி போய்ச் சேர்ந்த இந்த எட்டு வருடமும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் கோடு போட்ட நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நீ மட்டும் படித்துவிட்டு வைத்துவிடாதே. பிள்ளையைப் பெற்றவள் பிரிஸ்கா, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி. அதற்குப் பிறகு யாருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறதோ அவர்களுக்கெல்லாம் காட்டு. எனக்கு இனி மறைக்க ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நீ மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பிள்ளையைக் காட்டினாய். பிறந்து இருபத்திரண்டு நாள். தலைமுடி வெண்பட்டு மாதிரி, புருவம் இருக்கிற இடமே தெரியவில்லை, வெளிச்சம் பட்டதும் கண்ணை இறுக்கிக்கொண்டாள். "அப்பா, அக்கா மாதிரியே இருக்கா பாத்தியளா" என்று நீ சொன்னபோது உன் குரல் உடைந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்போது எங்களைத் தேற்றுவதற்காக நீ ஒன்று சொன்னாய். அக்கா காலத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, இப்போது எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, நீங்கள் மனசைப் போட்டு அலட்டாதீர்கள் என்றாய். அதைச் சொல்லிக்கொண்டே போனைத் திருப்பினாய். பால்கனியில் தொட்டில் துணி விரித்து, உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, பிள்ளையை வெயிலில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் பிரிஸ்காவின் அம்மா, உன் அத்தை, உட்கார்ந்திருந்தாள். உள்ளே தூக்கிக்கொண்டு போ என்று நான் சத்தம் போட்டேன். நீ சிரித்தாய். காலை வெயில்தான், மஞ்சள் காமாலை வராமல் இருக்கத்தான் என்றாய். அதோடு லைன் போய்விட்டது.

சாம், யாருக்கும் தெரியாது என்று நீ சொன்னது சரியில்லை. எனக்குத் தெரியும். மெர்சிக்கு ஏழு வயதாக இருக்கும்போதே ஒரு டாக்டர் எனக்குச் சொல்லிவிட்டார்.

நீ அப்போது நடந்து பழகிக்கொண்டிருந்தாய். நமது ஊர்க் கோயில் ஹாலில் கண் முகாம் நடந்தது. மெர்சிக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண்மணி இரண்டும் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும் என்று அம்மா சொல்லிச் சொல்லி என்னை அனுப்பினாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த வயதான டாக்டர் அவள் கண்ணைப் பார்த்தார், பிறகு கையைப் பிடித்து முன்கையில் உரிந்திருந்த தோலைப் பார்த்தார், சட்டையைக் கொஞ்சம் விலக்கிக் கழுத்தைப் பார்த்தார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். மாமா மகள்தான் என்றேன். இது வெண்குஷ்டம் இல்லை, தோலுக்கும் கண்ணுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற சத்து பிறப்பிலேயே இல்லாமல் போனது, இதற்கு அல்பினிசம் என்று பெயர், யாருக்கும் ஒட்டாது, பிள்ளை எல்லாரையும் போலப் படிப்பாள், வளர்வாள் என்றார். அதற்கப்புறம்தான் அவர் சொன்னார். "மாஸ்டர், கறுத்த தோலுக்கு வெயில் பெருசா ஒண்ணும் செய்யாது. இந்தப் பிள்ளைக்கு அது நெருப்பு. முழுக்கைச் சட்டை போடுங்க, தொப்பி போடுங்க, நடுப்பகல்ல வெளிய விடாதீங்க. அசட்டையா இருந்தியள்னா இருபத்தஞ்சு முப்பது வயசுல தோல்ல புத்து வந்துரும்." அவர் அதை ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். கண்ணாடி போடச் சொன்னார் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சீட்டை மறுநாள் பள்ளிக்கூடத்துக் குப்பைக் குழியில் போட்டுவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாய். நானும் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போது நான் டிரில் மாஸ்டர். விசிலும் வெயிலும்தான் என் பிழைப்பு. வெயிலில் நின்றால் உடம்பு இரும்பாகும் என்று தினமும் ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன். என் பிள்ளைக்கு வெயில் ஆகாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை, நம்பவும் பிடிக்கவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து ஊரில் எல்லாரும் சொன்னது வேறு. எண்ணெய் தேய்த்து வெயிலில் காட்டுங்கள், பைய பையக் கறுத்துவிடும் என்றார்கள். அதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. டாக்டர் சொன்னதை ஏற்றுக்கொண்டால் என் மகள் கறுக்கவே போவதில்லை என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஆள் ஆளுக்குச் சொல்லுவார்கள் என்ற பயமும் இருந்தது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் இதை எழுதும்போது ஒன்றுகூடக் காரணம் மாதிரித் தெரியவில்லை.

நம் பள்ளிக்கூடத்து மைதானம் உனக்குத் தெரியும். ஒரு ஓரத்தில் மூன்று வேப்பமரம், மற்றதெல்லாம் செம்மண் பொட்டல். காலை அசெம்பிளி அரைமணி நேரம், பிறகு என் பீரியட். மெர்சி ஆறாவது படிக்கும்போது விளையாட்டு விழாவுக்கு அணிவகுப்புப் பழகினோம். மாசி மாத வெயில். பத்தாவது நாள் அவள் கழுத்துப் பின்னால் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளை வராந்தாவில் உட்கார்ந்திருக்கட்டுமே என்றார்கள். என் மகள் என்பதற்காகச் சலுகை வேண்டாம் டீச்சர் என்றேன். அன்றைக்கு ஆசிரியர் அறையில் எல்லாரும் என்னை மெச்சினார்கள். நேர்மையான மனுசன் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேர் எனக்கு இனித்தது, சாம். விழா அன்று அவள் மூன்றாவது வரிசையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இடது வலது தப்பாமல் நடந்து போனாள். என்னைக் கடக்கும்போது விறைப்பாகச் சல்யூட் வைத்தாள். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டாள். அம்மா கழுத்தில் வெண்ணெய் தடவினாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

அவள் படித்து முடித்து அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்ததும், வாய்க்கால் கரை வழியாக இருபது நிமிடம் நடந்து போய் வந்ததும் உனக்கு நினைவிருக்கும். நீ கோயம்புத்தூரில் காலேஜில் இருந்தாய். முதல் சம்பளத்தில் தூத்துக்குடிக்குப் போய் ஒரு அகலமான தொப்பி வாங்கி வந்தாள். கை மூடுகிற மாதிரி ஜாக்கெட்டும் தைத்துக்கொண்டாள். அவளாகவே புத்தகத்தில் எங்கேயோ படித்திருக்கிறாள். தொப்பியோடு வாசலில் இறங்கியவளை நான்தான் நிறுத்தினேன். "ஏற்கெனவே வெள்ளைக்காரின்னு கூப்புடுதானுவ. இதையும் போட்டுக்கிட்டுப் போனா தெருவே வேடிக்கை பாக்கும்" என்றேன். அவள் தொப்பியைக் கழற்றிப் பீரோ மேல் வைத்துவிட்டுப் போனாள். ஊர் பார்க்குமே என்று நான் பயந்ததற்கு அவள் வெயிலில் நடந்தாள்.

இருபத்தேழு வயதில் இடது காது மடலில் ஒரு சொரசொரப்பு வந்தது. கடுகு அளவு. தலை சீவும்போது சீப்புப் பட்டு ரத்தம் வரும், பொருக்குத் தட்டும், பொருக்கு உதிர்ந்தால் மறுபடியும் ரத்தம். மெடிக்கலில் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் என் முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"அப்பா, இது ஆற மாட்டேங்கு. திருநெல்வேலிக்குப் போயிக் காட்டிட்டு வந்துருவோமா?"

அதே வாரம்தான் சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து அந்தச் சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை அரசாங்கப் பள்ளியில் வாத்தியார், மனைவியை இழந்தவர், பெண்ணின் நிறம் பற்றி எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்து வருடத்தில் வந்த ஒரே சம்பந்தம். காதில் கத்தி வைத்துத் தழும்பாகிவிட்டால் இதுவும் கைநழுவிப் போகுமே என்று எனக்குப் பட்டது. கல்யாணம் முடியட்டும்மா, முடியைக் கொஞ்சம் தழைய விட்டுச் சீவிக்கோ என்றேன். அவள் சரிப்பா என்றாள். மறுநாளிலிருந்து காது மறையும்படிப் பின்னிக்கொண்டாள். அவர்கள் ஒரு தடவை வந்தார்கள், இரண்டாவது தடவை வந்தார்கள், ஆலோசித்துச் சொல்லுகிறோம் என்றார்கள். ஐந்து மாதம் போயிற்று. கடைசியில் கண்பார்வை குறைவு என்று காரணம் சொல்லி வேண்டாம் என்றார்கள்.

அந்த ஐந்து மாதத்தில் அது புளியங்கொட்டை அளவு ஆகிவிட்டது. கழுத்தில் நெறியும் கட்டிவிட்டது. திருநெல்வேலியில் சதை எடுத்துப் பரிசோதித்து, தோல் புற்றுநோய் என்றார்கள். முதலிலேயே வந்திருந்தால் மேலோட்டமாக வெட்டி எடுத்து, தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று அந்த இளம் டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். காதில் பாதியை எடுத்தார்கள், கழுத்தைத் திறந்து நெறியை எடுத்தார்கள். அந்த வாரம்தான் நீ பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வந்தாய். எப்போதிலிருந்து இருக்கிறது என்று நீ கேட்டதற்கு, இப்போதுதான் கவனித்தோம் என்று சொன்னவன் நான். கட்டிலில் படுத்திருந்த மெர்சி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுத்துச் சொல்லவில்லை.

பிறகு கதிர்வீச்சு. வாரத்தில் ஐந்து நாள் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய்ப் பஸ்ஸில் திரும்புவோம். இப்போது சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் திரும்பி வரும்போது ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி நம் ஊர் டவுன் பஸ்ஸுக்காக நின்றோம். நான்கு மணி இருக்கும், வெயில் தாழவில்லை. வாழைத்தார் சுமக்கிற பெண் ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். குழந்தைக்கு வெள்ளை முடி. வெறுந்தலை. மெர்சிக்குப் பார்வை மங்கல் என்றாலும் அதை எப்படியோ கண்டுகொண்டாள். நேரே அவளிடம் போய், பிள்ளையை நிழலுக்குள் கொண்டு வாருங்கள் அக்கா என்றாள். அந்தப் பெண் மெர்சியின் முடியைப் பார்த்தாள், பிள்ளையின் முடியைப் பார்த்தாள். காலையில் எண்ணெய் தேய்த்து வெயிலில் போடுகிறேன், கறுத்துவிடும் என்று சொல்கிறார்கள், உங்களுக்கு ஏன் கறுக்கவில்லை என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். மெர்சி தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நிற்க, பாதிக் காதையும் கழுத்துத் தழும்பையும் காட்டினாள்.

"இது வெயில் செஞ்சது அக்கா. கறுக்காது, இப்படித்தான் ஆகும். பிள்ளையை வெயில்ல காட்டாதீங்க."

அந்தப் பெண் பிள்ளையின் தலையை முந்தானையால் மூடினாள். "ஒங்க வீட்டுல யாரும் ஒங்களுக்குச் சொல்லலியா?" என்றாள்.

"அவுகளுக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா எங்கப்பா என்னைய வெயில்ல விட்டிருக்க மாட்டாவ."

நான் இரண்டடி தள்ளி அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் முகாமில் அந்த டாக்டர் பேசியபோது ஏழு வயது மெர்சி என் மடியில் உட்கார்ந்திருந்தாள், சாம். ஒவ்வொரு வார்த்தையும் அவள் தலைக்கு மேலேதான் போயிற்று. வீட்டுக்கு வந்து நான் அம்மாவிடம் பொய் சொன்னபோதும் என் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அது நினைவிருந்ததா, இல்லையா? தெரிந்துதான் என்னைக் காப்பாற்றினாளா, இல்லை உண்மையிலேயே என்னை அப்படி நம்பினாளா? பஸ்ஸில் நிழல் விழுகிற பக்கத்து ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, கேட்டுவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் அதற்குள், "அந்தப் பிள்ளைக்கு என்ன பேருன்னு கேக்க மறந்துட்டேம்ப்பா" என்றாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள். அந்த எட்டு மாதத்தில் தினமும் மருந்து எடுத்துக் கொடுத்தேன், துணி துவைத்துப் போட்டேன், வலி பொறுக்காமல் அவள் கத்தும்போது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. நோய் நுரையீரலுக்குப் போனது. இருபத்தொன்பது வயது முடிய பதினோரு நாள் இருக்கும்போது இறந்துபோனாள். அடக்க ஆராதனையில் நீ எழுந்து நின்று, எங்கள் பெற்றோர் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவளுக்குச் செய்தார்கள் என்று சொன்னாய். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டேன்.

இப்போது உன் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு டாக்டர் இதையே சொல்லுவார். ஒருவேளை சொல்லியே விட்டாரோ என்னவோ. நீ மஸ்கட்டில் இருக்கிறாய், நம் ஊரைவிடக் கொடிய வெயில். அவர் முதல் தடவை சொல்லும்போதே நம்பு. சொன்னதை வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை குறையாமல் பிரிஸ்காவிடம் சொல். உன் அத்தையிடமும் சொல், அவள் அன்பில்தான் செய்கிறாள், தெரியாமல் செய்கிறாள். மஞ்சள் காமாலைக்கு என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரிடமே கேட்கட்டும். பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் செருப்பு மாதிரி அவளுக்குப் பழகிப் போகட்டும். அந்த வெயில் களிம்பை எப்போது, எவ்வளவு தடவ வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள். குளிப்பாட்டும்போது காது மடல், பிடரி, உதடு எல்லாம் பார். ஆறாத புண் ஒன்று இருந்தால் கல்யாணமோ பரீட்சையோ எது நடந்தாலும் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடு. ஆனால் பயந்துபோய் அவளை அறைக்குள் பூட்டியும் வைத்துவிடாதே. மெர்சிக்கு ஆற்றில் குளிக்க அவ்வளவு ஆசை. பொழுது சாய்ந்த பிறகு அம்மா கூட்டிக்கொண்டு போவாள், இருட்டுகிற வரைக்கும் தண்ணீரைவிட்டு வர மாட்டாள். வெயில் இறங்கினால் உலகம் முழுக்க உன் மகளுக்கும் உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார்களிடம் வெளிப்படையாகச் சொல், முன் பெஞ்சில் உட்காரவைக்கச் சொல். எவனாவது ஒரு டிரில் மாஸ்டர், எல்லாரும் வெயிலில் நின்றுதான் ஆக வேண்டும் என்று சொன்னால், இந்தக் கடிதத்தை அவனிடம் கொடு.

மே மாதம் ஞானஸ்நானத்துக்கு வருகிறோம் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாய். வேண்டாம். அக்கினி வெயிலில் அந்தப் பிள்ளையைத் தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து இங்கே கொண்டு வர வேண்டாம். மார்கழியில் வாருங்கள். ஆராதனையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம், நம் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று நாளாக அம்மா ஏன் உன் போனை எடுக்கவில்லை என்று கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பால்கனியைப் பார்த்த பிறகு என்னால் அடக்க முடியவில்லை. மத்தியானம் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணாடி போடச் சொன்னார் என்று நான் சொன்ன அந்த நாளை அவள் உடனே நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் கேட்டேனே, உங்களைக் கேட்டேனே என்று இரண்டு தடவை சொன்னாள். அதற்கு மேல் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, இரண்டு சேலையைப் பையில் எடுத்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் உன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். நேற்றுக் காலையில் சித்தியின் போனிலிருந்து கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. "இதைச் சாமுக்கு எழுதுங்க. பிரிஸ்காவும் தெரிஞ்சுக்கிடணும். பெத்தவளுக்குத் தெரியாம இனி ஒண்ணும் நடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நீ அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. வீட்டுக்குப் போ என்று எனக்காகப் பரிந்து பேசாதே. அவளுக்கு எப்போது வரத் தோன்றுகிறதோ அப்போது வரட்டும், வராவிட்டாலும் அது அவள் உரிமை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவளிடம் நான் கேட்காமலே இருந்துவிட்டேன். பிரிஸ்காவிடம் மட்டும் ஒன்று சொல். மார்கழியில் வரும்போது பிள்ளையை என் கையில் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று அவள் நினைத்தால் யாரும் அவளை வற்புறுத்தக் கூடாது, நீயும்தான். நான் நிழலில் ஒரு நாற்காலி போட்டு, தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

மெர்சிக்கும் உனக்கும்
அப்பா